இருப்புக் கொள்ளாத தெரு

ஓடை நின்றுபோன அன்று காலையில் அதன் ஓட்டம் தெருக்காரர்களின் கால்களுக்குள் வந்துவிட்டது. முதலில் அது தெரியவந்தது தெருமுனை சலூனில். நாற்காலியில் சாய்ந்திருந்த வாடிக்கையாளர் பாதி முகத்தில் நுரையோடு எழுந்து வெளியே நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்துச் சமாதானம் சொல்லப் பின்னால் போன சலூன்காரர், தன்னுடைய கால்களும் நிற்கவில்லை என்பதைப் பாதித் தெரு தாண்டியபிறகுதான் கவனித்தார். மீதி முகத்தை நடந்தபடியே மழித்து முடித்தார். ஒரு கீறல்கூட விழவில்லை என்று அதற்குப் பிறகு பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் தெருவில் எல்லோரும் நடந்துகொண்டிருந்தார்கள். தபால்காரருக்கு மட்டும், அவர் எப்போதும் நடப்பவர் என்பதால், சாப்பிட உட்காரப் போனபோதுதான் தனக்கும் வந்திருப்பது தெரிந்தது.

வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. உட்கார்ந்தால் கால்கள் எழுப்பிவிட்டன, அவ்வளவுதான். தையல்காரர் தன்னை நாற்காலியோடு சேர்த்துக் கட்டச் சொன்னார், கட்டினார்கள், நாற்காலியோடு சேர்ந்து வாசல்வரை போய் நிலையில் முட்டிக்கொண்டு நின்றார், அங்கேயும் கால்கள் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. காலில் சக்கரமா கட்டியிருக்கிறது என்று அதுவரை ஒருவரையொருவர் வேடிக்கையாகக் கேட்டவர்கள் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்கள். ஓரிரு வாரத்தில் அதற்கேற்ப வாழவும் பழகிக்கொண்டார்கள். ஒவ்வொரு அடுப்புக்கும் இரண்டு பேர். ஒருவர் உள்ளே வரும்போது மற்றவர் வெளியே போவார், கரண்டி மட்டும் கை மாறும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வகுப்பைத் தெருவில் ஓட்டிக்கொண்டு போய் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். பேருந்தில் பின்கதவில் ஏறியவர்கள் உள்ளேயே நடந்து முன்கதவில் இறங்கினார்கள். தூக்கத்தை முறைவைத்துக்கொண்டார்கள். கணவனும் மனைவியும் மணிக்கட்டுகளைத் துணியால் கட்டிக்கொள்வார்கள், ஒருவர் விழித்து நடக்க, மற்றவர் தூங்கி நடப்பார். கல்யாணத்தைக் கால்கட்டு என்று சொல்வதில் அர்த்தம் இல்லை, கைக்கட்டு என்றுதான் சொல்ல வேண்டும் என்று அந்த நாட்களில் ஒரு பேச்சு இருந்தது.

ஒரே தொல்லை, கால்கள் போகும் திசை. வீடுகளின் பின்புறமாக ஓடை எந்தப் பக்கம் ஓடியதோ அந்தப் பக்கம்தான், சரிவில் கிழக்கே, தெருக்கோடியில், தண்ணீர் போக ஒரே கண் விட்டுக் கட்டியிருந்த பாலம்வரை அவை போயின. பாலத்தைத் தாண்ட மாட்டா. அங்கே போய்ச் சுழன்றுகொண்டிருக்கும். மேலே வர வேண்டுமென்றால் சுவர்களையும் கம்பிகளையும் பிடித்துப் பிடித்துத்தான் வர வேண்டும். ஒவ்வொரு மாலையும் பாலத்தடியில் நுரை கட்டியதுபோல ஜனம் சேர்ந்து, தோளோடு தோள் உரசி வட்டமடித்துக்கொண்டிருந்தது.

அந்த ஓடையை இன்னார் அடைத்தார் என்று யாரையும் சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் போட்டார்கள். சாயப்பட்டறைக்காரர் வாளியின் அடியில் மிஞ்சியதை மட்டும் ஊற்றினார். ஓடை என்ன நிறமோ அதுதான் அந்த வருடம் விற்கிற நிறம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கோழிக்கடைக்காரி இறகுகளை மட்டும், தையல்காரர் வெட்டுத் துணியை மட்டும், சலூன்காரர் கூட்டிய முடியை மட்டும். பல் டாக்டரம்மா, வேலை முடிந்த மாவுப் பல் அச்சுகளை மட்டும். அவை கரையோரம் சேற்றில் வாயைப் பிளந்து கிடக்கும். இன்னொருவர் பெரிதாக எதையாவது போட்டால் நாம் போட்டது சின்னதாகத் தெரியும் என்று எல்லோருக்கும் ஓர் ஆறுதல் இருந்தது. நாற்றம் பொறுக்காமல் பின்பக்கத்து ஜன்னல்களுக்கு ஆணி அடித்துவிட்டிருந்தார்கள். பின்கதவை ஒரு கை நுழையும் அளவுக்குத் திறப்பார்கள், போடுவார்கள், மூடுவார்கள். ஓடையை முழுசாகப் பார்த்தவர் தெருவில் யாரும் இல்லை.

பல் டாக்டரம்மா தெருவின் நடுவில் ஒரு மாடிவீட்டில் இருந்தாள். கீழே கிளினிக், மேலே அவளும் கணவரும், அதற்கு மேலே நாத்தனார். கணவர் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார், தெருச் சங்கத்துக்குச் செயலாளராகவும் இருந்தார். நாத்தனாருக்கு வீட்டில் நத்தை என்று பெயர். எதையும் மெதுவாகச் செய்பவள்; அவள் சட்டைப் பொத்தான் போடுவதற்குள் மற்றவர்கள் கடைக்குப் போய்த் திரும்பிவிடலாம் என்று அண்ணன் சின்ன வயதில் வைத்த பெயர். நத்தைக்கு அப்போது நிறைமாதம். அவளுடைய கணவன் சரக்குக் கப்பலில் இருந்தான். கப்பல் கரையை நெருங்கும்போதெல்லாம் ஃபோன் செய்வான், அவள் மூச்சு வாங்குவதும் செருப்புச் சத்தமும் அவனுக்குக் கேட்கும்.

"எங்க போயிட்டே இருக்க?"

"எங்கயும் இல்ல. வீட்டுலதான் இருக்கேன்."

டாக்டரம்மாவும் நத்தையும் அதுவரை சண்டையிடாமல் இருந்ததற்குக் காரணம் இருவருக்கும் நடுவில் ஒரு மாடிப்படி இருந்ததுதான். இப்போது மாடிப்படிக்கு ஓய்வே இல்லை. நத்தை ஏறும்போது அண்ணி இறங்குவாள், அண்ணி ஏறும்போது நத்தை இறங்குவாள், சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிடுவதிலேயே இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் புதிதாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். நத்தையின் கணுக்கால்கள் வீங்கியிருப்பதை டாக்டரம்மா அப்படித்தான் பார்த்தாள். அன்றிலிருந்து நத்தை தூங்கும் முறை வந்தால் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அவளை நடத்திப்போனாள். பகலில் அவளும் நடந்துகொண்டேதான் பல் பிடுங்கினாள். நோயாளி வாயைத் திறந்தபடி பின்பக்கமாக நடப்பார், அவள் முன்பக்கமாக.

சங்கம் கூடியது. நடந்துகொண்டே கூடியதால் ஒரு கூட்டமும் முடிவுக்கு வரவில்லை. பேச்சு சூடு பிடிக்கும்போது பாலம் வந்துவிடும், அங்கே சுழலில் யார் பக்கத்தில் யார் என்று தெரியாமல் போய்விடும். நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்து, ஓடையின் இடது கரை மட்டுமே தங்கள் எல்லையில் வருகிறது, அடைப்பு நடுவில் இருக்கிறது என்று விளக்கினார். அன்றிரவு தெருவில் தங்கியதில் அவருக்கும் கால் வந்துவிட்டது. செயலாளர் எல்லாக் கூட்டத்திலும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்.

"நாம போட்டதாலயா அடைச்சுது? ஒரு வீட்டுக்குப் பாத்தா ஒரு கூடை வருமா? மேல இருக்கிற ஊர்க்காரங்க போட்டது அத்தனையும் இங்க வந்துதான் நிக்குது."

மேலே ஊர் எதுவும் கிடையாது. ஓடை அந்தத் தெருவின் தலைப்பில் இருந்த பாறை ஊற்றிலிருந்துதான் வந்தது. ஆனால் அதை யாரும் போய்ப் பார்த்திராததால் யாரும் மறுக்கவில்லை.

பிரசவ ஆஸ்பத்திரி வேறு பகுதியில் இருந்தது. நத்தையின் வயிற்றில் கை வைத்துப் பார்க்க அங்கிருந்த டாக்டர் வராந்தா முழுக்க அவளோடு நடந்தார். பிறகு டாக்டரம்மாவைத் தனியாக நடத்திக்கொண்டு போய்ச் சொன்னார். "குழந்தை ஒரு நிலையில நிக்கல. தலை கீழ வருது, அப்படியே சுத்தி மேல போயிடுது. வலி எடுக்கிற நேரத்துல எந்தப் பக்கம் இருக்கும்னு என்னால சொல்ல முடியாது. ஆபரேஷன் பண்ணலாம்னா அவங்க அசையாமப் படுக்கணும்." தையல்காரருக்குக் குடலிறக்கத்துக்கு மயக்க மருந்து கொடுத்துப் பார்த்திருந்தார்கள். ஆள் தூங்கிவிட்டார், கால்கள் மேசையை நகர்த்திக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தன. வீடு திரும்பும் வழியெல்லாம் டாக்டரம்மா நத்தையின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். டாக்டர் சொன்னதை நத்தைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது, உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது அவள் குழந்தைதானே.

அடுத்த நாள் மதியம் நத்தை பாலத்தடிச் சுழலில் மாட்டிக்கொண்டாள். கூட்டத்தில் வயிற்றில் யாராவது இடித்துவிடுவார்கள் என்று பயந்து கரையிலிருந்து கீழே இறங்கினாள். கறுத்துக் கெட்டியாகிக் கிடந்த ஓடைக்குள், முழங்கால் ஆழத்தில், ஒரு நாற்காலி சாய்ந்து நின்றது. பிடித்துக்கொள்ளத்தான் அதன் கையைப் பிடித்தாள். கால் சேற்றுக்குள் போனதும் நின்றுவிட்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே இருந்தாள். மேலே சுற்றிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். பல வாரங்களாக உட்கார்ந்த ஒருவரை அவர்கள் பார்த்ததில்லை. செய்தி கேட்டு டாக்டரம்மா ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது நத்தை தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணி வயிற்றில் கை வைத்தாள். தலை கீழே வந்து, அங்கேயே இருந்தது. அதற்குப் பிறகுதான் நாற்காலியைப் பார்த்தாள்.

அது அவளுடைய கிளினிக்கில் நோயாளிகளை உட்காரவைத்துப் பல் பிடுங்கிய நாற்காலி. புது நாற்காலி வாங்கியபோது பழையதைச் சுமைதூக்கும் ஆட்கள் இருவரிடம் கொடுத்து, எங்கயாவது போட்டுடுங்க என்று சொல்லியிருந்தாள். எங்கயாவது என்பதற்கு அந்தத் தெருவில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது.

ஓடையின் ஓட்டமும் மனிதர்களின் இருப்பும் இடம் மாறிப்போயிருந்தன என்பதைத் தெரு ஒரே மாலையில் புரிந்துகொண்டது. ஓடைக்குள் உட்கார்ந்தால் உட்காரலாம். அவரவர் வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்தன. பெஞ்சு வந்தது, சோஃபா வந்தது, கட்டில் வந்தது. சாயப்பட்டறைக்காரர் ஆள் வைத்து ஊஞ்சல் பலகையை இறக்கினார். சில நாட்கள் ஓடை முழுக்க ஜனங்கள் கால் நீட்டி உட்கார்ந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பேப்பர் படித்தார்கள், காய் நறுக்கினார்கள், நறுக்கிய தோலைப் பக்கத்திலேயே போட்டார்கள். இவ்வளவு நாள் இது தோன்றாமல் போயிற்றே என்று செயலாளர் ஆச்சரியப்பட்டார். இடத்துக்குச் சண்டை வந்தது. பலகைகளின் மேல் பேர் எழுதினார்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் பக்கத்துத் தெருவுக்கும் கால் வந்துவிட்டது. பிறகு இந்தத் தெருவில் கைகளுக்கும் வந்தது; கையில் இருப்பதைக் கீழே வைக்க முடியவில்லை, வைத்ததை உடனே எடுத்தார்கள். ஓடைக்குள் உட்கார்ந்தவர்களுக்கும் முதலில் பாதம், பிறகு முழங்கால் என்று ஆட ஆரம்பித்தது. ஒரு காலை டாக்டரம்மா வந்தபோது நத்தை நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பு எழப் பார்த்தது, அவள் அதை அழுத்திவைத்திருந்தாள்.

"திரும்பிடுச்சு அண்ணி. காலையிலருந்து சுத்துது."

டாக்டரம்மா ஓடையைப் பார்த்தாள். நாற்காலிக்கு நாற்காலி இடைவெளி இல்லை. தண்ணீர் என்று சொல்லத்தக்கது எதுவும் கண்ணில் படவில்லை. அவள் இறங்கி நத்தையின் பின்னால் நின்று, நாற்காலியின் முதுகில் கை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"இது நான் போட்டது," என்றாள். "இதை எடுக்கணும். ஆனா எடுத்தா உனக்கு உக்கார இடம் இல்ல."

"இதுல உக்காந்து பெத்தா குழந்தை பல்லோட பொறக்கும். எடுங்க அண்ணி."

நத்தை எழுந்தாள். கால்கள் உடனே அவளைக் கரையில் ஏற்றி நடத்திக்கொண்டு போயின. அவள் அழுததை டாக்டரம்மா பார்த்தாள். நடந்துகொண்டே, யாருக்கும் முகத்தைக் காட்டாமல். டாக்டரம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்காலியை ஆட்ட ஆரம்பித்தாள். பக்கத்து சோஃபாவில் இருந்த செயலாளர் என்ன செய்கிறாய் என்று கேட்டார். அவள் இன்னும் பலமாக ஆட்டினாள். நாற்காலி வந்தது. அது நின்ற பள்ளத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் எழும்பி, பாலத்தின் கண்ணுக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வடிந்தது. டாக்டரம்மா கரையில் நின்றாள். ஒரு டீ குடிக்கும் நேரம் அசையாமல் நின்றாள். பக்கத்தில் கோழிக்கடைக்காரியும் நின்றாள். பிறகு ஒரு மெத்தை சரிந்து பள்ளத்தை அடைத்தது. இருவரும் மறுபடி நடந்தார்கள்.

அந்தக் கொஞ்ச நேரத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கோழிக்கடைக்காரி மெத்தையை இழுத்தாள். அது அவளுடையது இல்லை என்றாலும் இழுத்தாள். சலூன்காரர் வந்தார். செயலாளர் தன் சோஃபாவில் கடைசிவரை உட்கார்ந்திருந்து, இரண்டு பக்கமும் காலியானதும் எழுந்து, அதன் ஒரு முனையை அவரே தூக்கினார். மரச்சாமான்கள் வெளியே வந்தபிறகு அடைப்பு கண்ணுக்குத் தெரிந்தது. பாலத்தின் கண் முழுவதையும் ஓர் உருண்டை அடைத்துக்கொண்டிருந்தது, ஒரு அறை அளவுக்கு. பிளாஸ்டிக், கயிறு, எலும்பு, சாம்பல் எல்லாம் சேர்ந்து இறுகியிருந்தது.

"இது யாரோடது?" என்று செயலாளர் கேட்டார்.

எல்லோரும் கிட்டப் போய்ப் பார்த்தார்கள். சலூன்காரர் அதில் முடியைப் பார்த்தார். வெள்ளை, கறுப்பு, சாயம் போட்டது, வருடக்கணக்கில். தையல்காரர் தான் தைத்த பள்ளிச் சீருடையின் வெட்டுத் துணியைப் பார்த்தார். கோழிக்கடைக்காரி இறகைப் பார்த்தாள். உருண்டையின் நடுவிலிருந்து டாக்டரம்மாவைப் பார்த்து அவளுடைய பல் அச்சு ஒன்று இளித்தது. செயலாளர் தன்னுடையது ஒன்றும் இல்லை என்று திரும்பப் போனவர், சுண்ணாம்புப் பட்டை ஒன்றைப் பார்த்து நின்றார். அவர் வீட்டுக்கு வெள்ளையடித்த வருடத்தில் வாளியில் மிஞ்சி, ஓடையில் ஊற்றி இறுகிப்போனது அது. அவரவர் போட்டதை அவரவர் எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். முடியை இழுத்தால் துணி வந்தது, துணியை இழுத்தால் மொத்தமும் அசைந்தது.

கயிறு கட்டினார்கள். பாலத்தின் அந்தப் பக்கம் போய் ரோட்டு வழியாகக் கீழே இழுக்க வேண்டும். தண்ணீர் கொஞ்சம் தாண்டிவிட்டதால் இப்போது கால்களும் பாலத்தைத் தாண்டின. அதுவரை அவர்களை அலைக்கழித்த கால்கள் போக விரும்பியது அந்தத் திசைதான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கால்களை அவற்றின் இஷ்டத்துக்கு விட்டார்கள். டாக்டரம்மா உருண்டையின் பக்கத்தில் நின்று இரைந்து சொன்னாள்.

"சும்மா இழுக்காதீங்க. முதல்ல ஆட்டணும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். அவசரப்பட்டா வேர் உள்ள நின்னுரும்."

நத்தையும் கயிற்றின் கடைசியில் ஒரு கை வைத்திருந்தாள். வேண்டாம் என்று அண்ணன் சொன்னதற்கு, நிக்க முடிஞ்சா நின்னிருப்பேன் என்றாள். மதியம் தாண்டி உருண்டை அசைந்தது, சாயங்காலத்துக்கு முன்பு ஒரு பெருமூச்சுபோலச் சத்தம் போட்டுக்கொண்டு வெளியே வந்தது. அதன் பின்னால் ஓடை வந்தது. கறுப்பாக வந்தது, பிறகு பழுப்பாக, பிறகு சாயப்பட்டறையின் நீலமாக. கயிற்றைப் பிடித்திருந்த அத்தனை பேரும் ஓட்டம் நின்று முன்னால் குப்புற விழுந்தார்கள். விழுந்தவர்கள் எழவில்லை. கிடந்தவர்கள் கிடந்த இடத்தில் தூங்கினார்கள். செயலாளரின் கை சலூன்காரர் முகத்தின் மேல் கிடந்தது. நத்தை மட்டும் விழித்து, நடு ரோட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் எதையோ கவனித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் படுத்தாள்.

உருண்டையை எங்கயாவது போட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கரையேற்றி இழுத்துவந்து, தெருவின் நடுவிலேயே அதைப் போட்டார்கள். ஒரு பருவம் முழுக்க அதைப் பிரித்தார்கள். பேருந்து சுற்றிக்கொண்டு போயிற்று. யார் எதைப் பிரித்தாலும் தன்னுடையது என்று வீட்டுக்கு எடுத்துப்போகும்படி ஏதாவது ஒன்று வந்தது. சாயப்பட்டறைக்காரர் மட்டும் எதுவும் தன்னுடையது இல்லை என்று சாதித்தார். சாயத்துக்குத்தான் உருவம் இல்லையே. வாளியில் மிஞ்சியதை அவர் இன்னும் ஓடையில்தான் ஊற்றினார், அவருடைய கால்களும் ஓய்ந்தபாடில்லை. அவர் நடந்தவரை மற்றவர்களின் கட்டைவிரலும் செருப்புக்குள் அடங்காமல் துடித்தது. ஆகவே வேறு வழியில்லாமல் தெருவே கடப்பாரையோடு போய்ப் பட்டறையின் பின்னால் சாயத்தைத் தேக்கி வடிகட்டத் தொட்டிகள் வெட்டிக்கொடுத்தது. முணுமுணுத்துக்கொண்டேதான் வெட்டினார்கள். கடைசித் தொட்டி நிரம்பிய அன்று சாயப்பட்டறைக்காரர் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, தொட்டி வெட்டியவர்களுக்கு ஒரு டீ வாங்கித் தரக்கூட மறந்துபோய், சும்மா உட்கார்ந்திருந்தார்.

நத்தையின் குழந்தை சொன்ன தேதிக்கு வெகுநாள் கழித்து, ஒரு பகல்பொழுதில், எந்த அவசரமும் இல்லாமல் தலை முதலாகப் பிறந்தது. பெண். கப்பலிலிருந்து அப்பா வந்து சேரும்வரை காத்திருந்தது என்று சொன்னார்கள்.

சில வருடங்களுக்குப் பிறகு தெருவுக்குக் குடிவந்த பியானோ ஆசிரியை ஒருத்தி, மூன்றாம் வாரத்தில், வாசிக்க உட்கார்ந்தால் இடது கால் தாளத்துக்குச் சம்பந்தமில்லாமல் ஆடுகிறது என்பதைக் கவனித்தாள். நரம்புக் கோளாறாக இருக்குமோ என்று பயந்து, டாக்டர் என்று பலகையில் பார்த்த வீட்டின் மணியை அடித்தாள். டாக்டரம்மா கிளினிக்கில் யாருடைய வாய்க்குள்ளோ இருந்ததால் நத்தைதான் கதவைத் திறந்தாள். விஷயத்தைக் கேட்டாள். குனிந்து அந்தக் காலைப் பார்த்தாள்.

"இடது காலா? அப்ப மேல் பக்கம். தையக்கடைக்குப் பின்னால ஓடையில ஏதோ சிக்கியிருக்கும். எனக்கும் காலையிலருந்து லேசா இருக்கு."

கதவுக்குப் பின்னாலிருந்து ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடியையும் கொக்கி போட்ட கழிகளையும் எடுத்தாள். ஒன்றை ஆசிரியையின் கையில் கொடுத்துவிட்டு, படியில் உட்கார்ந்து, மெதுவாக, ஒவ்வொரு காலாக, பூட்ஸை மாட்டிக்கொள்ள ஆரம்பித்தாள்.